குப்பைன்னு பேரு வச்ச வேரியபிள்

நான் எழுதுன கம்ப்யூட்டர் கோடுல ஒரு வேரியபிள் இருக்கு, அதாவது டேட்டாவ போட்டு வைக்கிற ஒரு டப்பா, அதுக்குப் பேரு குப்பை. அடிச்சது இங்கிலீஷ் எழுத்துல, ஆனா அசல் தமிழ்க் குப்பைதான். லேப்ல என்னைத் தவிர யாருக்கும் தமிழ் தெரியாதுங்கறதால ரெண்டு வருஷமா அது பாட்டுக்கு இருந்துச்சு. போன மாசம் புதுசா சேந்த ஒரு பொண்ணு என் ஸ்கிரிப்ட்ட வாங்கி ஓட்டிப் பாத்துட்டு வந்து கேக்குறா, "இந்தக் குப்பைலதான் மத்த எல்லாத்தையும் விட ஏற்ற இறக்கம் அதிகமா இருக்கே, இது மூளைல எந்த ஏரியா?"ன்னு. அவ உச்சரிப்புல அது ஏதோ பழைய இத்தாலி டாக்டர் பேரு மாதிரி இருந்துச்சு. எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல, ஏன்னா நான் ரெண்டு வருஷம் முன்னாடி கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

மொதல்ல என்ன வேலை பாக்குறேன்னு சொல்லிடறேன். சுண்டெலியோட மூளைய மேலேருந்து கேமரால படம் பிடிக்கிறேன், எலி உயிரோட, முழிச்சிட்டு, சக்கரத்துல ஓடிட்டு இருக்கும்போதே. வைட்ஃபீல்ட் இமேஜிங்னு பேரு. இத அம்மாகிட்ட போன்ல சொன்னப்போ மொத கேள்வி "செத்த எலியாடா?". இல்லம்மா முழிச்சிட்டுதான் இருக்கும்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம் "பிள்ளையார் வாகனம்டா அது, பாத்து செய்"ன்னு சொல்லிட்டு சாப்டியான்னு கேட்டாங்க. அதுலேர்ந்து வாரா வாரம் எலி எப்டி இருக்குன்னு ஒரு விசாரிப்பு உண்டு, என்னை விசாரிக்கிற அதே தொனில.

அந்த முழிச்சிட்டுங்கற வார்த்தைலதான் எல்லாமே இருக்கு. ரொம்ப காலம் இந்த மாதிரி எக்ஸ்பெரிமென்ட்ல பெரும்பாலும் மயக்க மருந்து குடுத்துதான் மூளைய பாத்தாங்க, ஏன்னா மயக்கத்துல இருக்கற பிராணி ஆடாது, கேமராவும் ஆடாது. ஆனா மயக்கத்துல மூளை கரண்ட் போன ஊரு மாதிரி அடங்கிடும்னு நெனச்சா தப்பு, மொத்த ஊரும் ஒரே சமயத்துல லைட்டப் போட்டு ஒரே சமயத்துல அணைக்கிற மாதிரி பெரிய பெரிய மெதுவான அலையா அடிக்கும், அத வச்சு முழிச்சிருக்கற மூளை இப்டித்தான் வேலை செய்யும்னு சொல்றது ரொம்ப துணிச்சல். 2010-ல க்ரிஸ் நீலும் மைக்கேல் ஸ்ட்ரைக்கரும் சான் ஃபிரான்சிஸ்கோல, காத்துல மிதக்கிற தெர்மோகோல் பந்து மேல எலிய ஓட விட்டு பாத்தாங்க. எலி நிக்கும்போது பார்வை ஏரியால வர்ற அதே பதில், ஓடும்போது ரெண்டு மடங்குக்கு மேல ஏறுச்சு. கண்ணுக்கு முன்னாடி காட்டுற படம் அதேதான், காலு மட்டும்தான் ஓடுது. அந்த பேப்பர காலேஜ்ல படிச்சப்போ ஆச்சரியப்பட்டேன், ஆனா அத என் சொந்த டேட்டால பொருத்திப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருங்க, அதான் கூத்து.

எலி மண்டையோட்ட தொறக்கறதில்ல, பல பேர் அப்டித்தான் நெனைக்கறாங்க. சுண்டெலிக்கு ஓடு கால் மில்லிமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும். மயக்கம் குடுத்து, மேல்தோல எடுத்துட்டு, ஓட்ட சுத்தம் பண்ணா வெள்ளையா மங்கலா இருக்கும், உள்ள ஒண்ணும் சரியா தெரியாது. அது மேல மெல்லிசா சயனோஅக்ரிலேட் பசைய தடவணும், நம்ம ஊரு ஃபெவிக்விக் குடும்பத்து பசைதான். தடவின ஒரு நிமிஷத்துல ஓடு கண்ணாடியாகி உள்ள இருக்கற ரத்தக் குழாய் ஒவ்வொண்ணும் செவப்பு கோடு கோடா தெரியும். பஜ்ஜி வச்ச பேப்பர்ல எண்ணெய் ஊறுன எடம் மட்டும் அந்தப் பக்கம் தெரியும்ல, அதே சமாச்சாரம். எலும்புக்குள்ள இருக்கற சின்னச் சின்ன காத்து இடைவெளிதான் வெளிச்சத்த செதறடிக்குது, பசை போய் அத நெரப்பிட்டா வெளிச்சம் நேரா போயிடும். நான் மொத தடவ அத பாத்தப்போ மைக்ரோஸ்கோப்லேர்ந்து கண்ண எடுக்கவே இல்ல, பக்கத்துல இருந்த சீனியர் "அனஸ்தீசியா மீட்டர பாருடா"ங்கற அர்த்தத்துல தொண்டைய செருமுனாரு.

அப்பறம் டென்டல் சிமென்ட் வச்சு ஒரு சின்ன டைட்டானியம் பட்டைய ஒட்டுவோம், படம் பிடிக்கும்போது தலைய ஆடாம பிடிக்க. வலி மருந்து, ஒரு வாரம் ரெஸ்ட். அப்பறம்தான் பழக்கம் பண்றது, இந்த வேலைல எனக்கு பிடிச்ச பகுதி அதுதான். வால பிடிச்சு தூக்கக்கூடாது, ஒரு குழாய்க்குள்ள அதுவா வந்து ஏறணும், மொத நாள் உள்ளங்கைல வச்சா ஆய் போயிட்டு நடுங்கும், மூணாவது நாள் சட்டைக் கைக்குள்ள பூந்துடும். சக்கரத்துல ஏத்தி தலைய பிடிச்சு மொத நாள் அஞ்சு நிமிஷம், அடுத்த நாள் பத்து, அப்டியே கூட்டிட்டே போகணும், ஒவ்வொரு தடவையும் ஒரு சொட்டு மில்க்மெய்ட். அவசரப்பட்டீங்கன்னா எலி பயந்து போயிடும், பயந்த எலியோட டேட்டா பயத்தோட டேட்டாவாதான் இருக்கும். ஏழாம் நம்பர் எலின்னு ஒருத்தி இருக்கா, அவ பத்தே நாள்ல சக்கரத்த பாத்தாலே வாய நக்க ஆரம்பிச்சுட்டா.

சரி, மூளை எப்டி மின்னுது? அது எலியோட சொந்த வெளிச்சம் இல்ல, கடல்லேர்ந்து வந்தது. 1961-ல ஒசாமு ஷிமோமுராங்கற ஜப்பான்காரர் அமெரிக்காவோட மேற்குக் கரைல ஃப்ரைடே ஹார்பர்னு ஒரு எடத்துல ஜெல்லி மீனா பிடிச்சுக் குமிச்சாரு, நம்ம கடலோரத்துல சொறிமுட்டைன்னு சொல்வாங்களே அந்த இனம், ஒரே கோடைல பத்தாயிரம் பக்கம். ஓரத்த கத்தரிக்கோல்ல வெட்டி, துணில போட்டு பிழிஞ்சு, வெளிச்சம் வர்ற சரக்கு எதுன்னு தேடிட்டு இருந்தாரு. ஒரு நாள் சரியா வேலை செய்யலன்னு பிழிஞ்ச சாற தூக்கி சிங்க்ல ஊத்திட்டாரு, ஊத்துன ஒடனே சிங்க் நீலமா பளீர்னு மின்னுச்சு. சிங்க்ல கடல் தண்ணி ஓடிட்டு இருந்திருக்கு, கடல் தண்ணில கால்சியம் இருக்கு. கால்சியம் பட்டா மின்னுற புரதம், அதுக்கு ஈக்வோரின்னு பேரு. அத சுத்தம் பண்ணும்போது கூடவே பச்சையா ஒளிர்ற இன்னொரு புரதமும் வந்துச்சு, தேடாமலே கெடச்ச உபரி. அந்த உபரிதான் ஜிஎஃப்பி, 2008-ல அதுக்குத்தான் ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் சியன் மூணு பேருக்கும் கெமிஸ்ட்ரி நோபல் கெடச்சுது. தேடிப் போனது ஒண்ணு, ஊத்திக் கொட்டுனது ஒண்ணு, ஓரமா கெடந்தது ஒண்ணு, கடைசில என் சம்பளத்துக்கு காரணம் அந்த ஓரமா கெடந்ததுதான்.

அப்பறம் 2001-ல ஜப்பான்ல ஜூனிச்சி நக்காயோட குழு அந்த பச்சை புரதத்த ஒடச்சு திருப்பி, கால்சியத்த பிடிக்கிற கால்மொடுலின்னு ஒரு புரதத்தோட சேத்து தச்சாங்க. கால்சியம் வந்து ஒட்டுனா வடிவம் மாறி பிரகாசம் ஏறும், போனா மங்கும். ஜிகேம்ப்னு பேரு. நரம்பு செல் ஒண்ணு சிக்னல் விடும்போது உள்ள கால்சியம் பாயும், அதனால இந்த புரதத்த செல்லுக்குள்ளயே செய்யற மாதிரி மரபணு மாத்துன எலில, எந்த எடம் வேலை செய்யுதோ அந்த எடம் பச்சையா ஏறி எறங்கும். 2013-ல அமெரிக்காவோட ஜனேலியா ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க வெளியிட்ட ஆறாவது தலைமுறைதான் இத லேபுக்கு லேப் பரப்புச்சு. ஒரே கொறை, மெதுவு. செல்லு சிக்னல் விடறது செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குல முடிஞ்சிடும், இந்த வெளிச்சம் கோயில் மணி அடிச்சு நிறுத்துன பிறகும் ரீங்காரம் கேக்குற மாதிரி இழுத்துட்டு கெடக்கும். நாங்க பாக்குறது ரீங்காரத்ததான், அத வச்சு எப்ப அடிச்சாங்கன்னு கணக்கு போடணும்.

கேமரா செட்டப் பாத்தா ஏமாந்துடுவீங்க. ரெண்டு சாதா போட்டோ லென்ஸ், கல்யாண போட்டோகிராபர் வச்சிருக்கற மாதிரி லென்ஸ், ஒண்ணோட மூஞ்சிய ஒண்ணோட மூஞ்சில மோத வச்சு தலைகீழா மாட்டியிருக்கும். 1991-ல ராட்ஸ்லாஃபும் அமிராம் கிரின்வால்டும் எழுதி வச்ச யோசனை இது. மைக்ரோஸ்கோப் லென்ஸ் சின்னப் பரப்பத்தான் பாக்கும், எனக்கு வேண்டியது ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மூளை மேல்பரப்பு மொத்தமும், அதுவும் மங்கலான வெளிச்சத்த நெறைய அள்ளணும். இந்த ஜோடி லென்ஸ் அத அள்ளும். செகண்டுக்கு 60 ஃப்ரேம், 512க்கு 512 பிக்ஸல், ஒரு மணி நேரத்துக்கு 100 ஜிபி தாண்டிடும், சர்வர் பாத்துக்கற அண்ணன் என்னை பாத்தாலே வேற பக்கம் நடப்பாரு.

ஸ்க்ரீன்ல அது வரும்போது, உண்மைய சொல்லணும்னா, இத்தன வருஷத்துக்கு அப்பறமும் எனக்கு வாய் தொறந்துதான் இருக்கும். ரெண்டு அரைவட்டம், நடுவுல ஒரு கோடு. இடது மீசைல ஒரு முடிய மட்டும் தட்டுனா வலது பக்கம் ஒரு புள்ளி பத்திக்கும், அந்த முடிக்குன்னே மூளைல ஒரு எடம் ஒதுக்கி இருக்கு, 1970-ல வுல்சியும் வான் டெர் லூஸும் கண்டுபிடிச்சது. அந்தப் புள்ளிலேர்ந்து முன்னாடி இருக்கற, அசைவ நடத்துற மோட்டார் ஏரியாவுக்கு தாவும். யாரும் ஒண்ணும் தட்டாதப்போகூட ரெண்டு பக்கமும் சேந்து ஒரே டிசைன்ல அலை ஓடும், பாதி கோலத்த ஈரத்தோட மடிச்சு ஒத்தி எடுத்த மாதிரி. ஒவ்வொரு பிக்ஸல்லயும் நூத்துக்கணக்குல செல்லு கலந்து தெரியுது, அதனால தனித்தனியா யாரு என்ன பேசுறாங்கன்னு தெரியாது. கோபுரத்து மேல நின்னு திருவிழாவ பாக்குற கணக்குதான், கீழ யார் யாரோட சண்டை போடறாங்கன்னு தெரியாது, ஆனா தேரு எந்தத் தெருவுல திரும்புதுன்னு தரைல நிக்கிறவன விட நல்லா தெரியும்.

இதுல ஏமாறுறதுக்கு எத்தன வழி இருக்குன்னு ஒரு தனி போஸ்ட்டே போடலாம். மொத ஏமாத்துக்காரன் ரத்தம். மூளைல ஒரு எடம் வேலை செஞ்சா அங்க ரத்தம் கூடுதலா பாயும், ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் நீல வெளிச்சத்தையும் பச்சை வெளிச்சத்தையும் குடிச்சிடும், அதனால செல்லு பிரகாசமானதுக்கு அப்பறம் ஒரு கருப்பு அலை வரும். நான் வந்த புதுசுல அந்த கருப்பு அலைய பாத்துட்டு ஏதோ அடக்குற சிக்னல கண்டுபிடிச்சுட்டேன்னு மூணு ஸ்லைட் போட்டு மீட்டிங்ல காமிச்சேன். எல்லாரும் ரொம்ப மரியாதையா சிரிச்சாங்க. அதுக்குத்தான் ஒரு ஃப்ரேம் 470 நானோமீட்டர் நீலம், அடுத்த ஃப்ரேம் 405 ஊதான்னு மாத்தி மாத்தி அடிக்கிறது. ஊதால அந்த புரதம் கால்சியத்த கிட்டத்தட்ட கண்டுக்காது, ஆனா ரத்தத்தோட நெழல் அதுலயும் விழும், ஆக நீலத்துலேர்ந்து ஊதாவ கழிச்சா மிச்சம் மூளை. கேக்க சுலபமா இருக்கு. ஒரு தடவ கம்ப்யூட்டர் திணறி நடுவுல ஒரே ஒரு ஃப்ரேம விட்டுடுச்சு, ஒண்ணே ஒண்ணு, அதுக்கு அப்பறம் நீலம்னு நெனச்சதெல்லாம் ஊதா, ஊதான்னு நெனச்சதெல்லாம் நீலம், முதல் 22 நிமிஷம் எலி ஒரு மாதிரி யோசிக்குது, அதுக்கு அப்பறம் நேரெதிரா யோசிக்குது. மூணு வாரம் அத ஒரு கண்டுபிடிப்புன்னு நம்பி, எலியோட மூடு மாறுதுன்னு தியரி வேற எழுதி வச்சிருந்தேன். இப்போ ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் எந்த லைட்டு எரிஞ்சுதுன்னு ஒரு தனி ஒயர்ல பதிவு பண்றோம், அந்த ஒயரு என் கண்ணீர்ல வாங்குனது.

இன்னொண்ணு, மரபணு மாத்துன எலிகள்லயே சில வகைல வலிப்பு மாதிரி மின்னல் வெட்டு வரும்னு 2017-ல நிக் ஸ்டைன்மெட்ஸும் கூட்டாளிகளும் எழுதுனாங்க, பாக்க எலி நல்லாத்தான் ஓடியாடிட்டு இருக்கும், மூளைல மட்டும் அப்பப்ப வெட்டும். அந்த பேப்பர் வந்த ஒடனே எத்தன லேப் தன் பழைய டேட்டாவ பயத்தோட தொறந்து பாத்திருக்கும்னு நெனச்சுப் பாப்பேன். நாங்க இப்பவும் புது எலி வந்தா மொதல்ல அத தான் பாப்போம்.

இப்ப குப்பைக்கு வரேன்.

எக்ஸ்பெரிமென்ட் சாதாரணமானதுதான். ஸ்க்ரீன்ல கோடு போட்ட படம் இடது பக்கம் வந்தா இடது குழாய நக்கணும், வலதுல வந்தா வலது, சரியா செஞ்சா ஒரு சொட்டு. இப்டி ஒரு தடவ படம் வந்து எலி பதில் சொன்னா அது ஒரு ட்ரையல், ஒரு நாளைக்கு முந்நூறு நானூறு ட்ரையல் பண்ணுவாங்க. ஒரு ட்ரையல எடுத்துப் பாத்தா ஒண்ணுமே வெளங்காது, மூளை பூரா கன்னாபின்னான்னு பத்தி எரியும், அடுத்த ட்ரையல்ல அதே படம், அதே பதில், ஆனா மூளை வேற மாதிரி எரியும். நானூறயும் சேத்து ஆவரேஜ் எடுத்தா அப்டியே தெளிஞ்சு, மொதல்ல பார்வை ஏரியா, அப்பறம் முன்னாடி, அப்பறம் நாக்கோட ஏரியான்னு பாடப் புத்தகத்துல போடற மாதிரி வரும். அந்த ஆவரேஜ ஒவ்வொரு ட்ரையல்லேர்ந்தும் கழிச்சா மிச்சம் வர்றதத்தான் குப்பைன்னு பேரு வச்சு ஒரு ஓரமா போட்டேன். என் புத்தில ஒரு கணக்கு, எக்ஸ்பெரிமென்ட் நான் டிசைன் பண்ணது, அதுக்கு வர்ற பதில்தான் சிக்னல், மத்ததெல்லாம் எலியோட சேட்டை. எத்தன தடவ அத பாத்து "கொஞ்சம் சும்மா இரேன்டி"ன்னு கெஞ்சியிருப்பேன்.

எலியோட மூஞ்சிக்கு நேரா ஒரு சின்ன கேமரா வச்சிருந்தோம், அது அறிவியலுக்கு இல்ல, எலி தூங்கிடுச்சான்னு பாக்க. ஒரு நாள் சாயங்காலம் ஒரு ஃபைல் எழுதி முடியறதுக்காக காத்துட்டு இருந்தேன், வேற வேலை இல்ல, சும்மா ரெண்டு வீடியோவையும் பக்கத்துல பக்கத்துல போட்டு ஓட விட்டேன், இடது பக்கம் மூளை, வலது பக்கம் மூஞ்சி. ஏழாம் நம்பர். அவ சக்கரத்துல சும்மா நின்னுட்டு இருக்கா. மூக்கு நுனி ஒரு தடவ மேல போயி கீழ வருது, மீசை முன்னாடி வீசுது, இடது வீடியோல மொத்த அரைவட்டமும் பின்னாடி வரைக்கும் வெளுத்துப் போகுது. மறுபடி நிக்கிறா, மூளை அடங்குது. முன்னங்கால தூக்கி மீசைய ஒரு தொடை தொடச்சுக்கறா, தீ. கண்ணு பாப்பா கொஞ்சம் விரியுது, அதோடயே ஒரு மெல்லிய அலை. நான் எத சேட்டைன்னு ஓரமா கொட்டி வச்சேனோ அது அத்தனையும் அந்த மூஞ்சில எழுதி இருக்கு, நான்தான் அந்த வீடியோவ தூங்குதா இல்லையான்னு பாக்க மட்டும் வச்சிருந்தேன். அன்னிக்கு ராத்திரி பத்தரை வரைக்கும் அதையே பாத்துட்டு இருந்தேன், செக்யூரிட்டி வந்து பாத்துட்டு போனாரு, ஏதோ சினிமா பாக்குறான்னு நெனச்சிருப்பாரு.

பெரிய கண்டுபிடிப்புன்னு குதிக்கறதுக்குள்ள தெரிஞ்சுது, ஊரே ஏற்கனவே கண்டுபிடிச்சு முடிச்சிருச்சு. 2019-ல ரெண்டு பேப்பர். ஒண்ணு அமெரிக்காவுல கோல்ட் ஸ்ப்ரிங் ஹார்பர்ல ஆன் சர்ச்லாண்டோட லேப், சைமன் முசால், மேட் காஃப்மன் எல்லாரும் சேந்து, கிட்டத்தட்ட என்னோட அதே செட்டப்தான். எலிய ஒரு முடிவெடுக்கற வேலைக்கு பழக்கிட்டு, வேலை சம்பந்தப்பட்ட எல்லாத்தையும், எலியோட அசைவு எல்லாத்தையும் ஒரே மாடல்ல போட்டு எது மூளைய அதிகமா விளக்குதுன்னு போட்டி வச்சாங்க. அசைவுதான் ஜெயிச்சுது, அதுலயும் அவங்க சொல்லிக் குடுத்த நக்குற அசைவு இல்ல, யாரும் கேக்காம எலி தன் பாட்டுக்கு பண்ற மூக்கு, மீசை, பின்னங்கால் சமாச்சாரங்கள். இன்னொண்ணு கார்சன் ஸ்ட்ரிங்கர், மாரியஸ் பாச்சிடாரியு, கென்னத் ஹாரிஸ் குழு, அவங்க பார்வை ஏரியால பத்தாயிரம் செல்லு கிட்ட ஒரே நேரத்துல தனித்தனியா பாத்தாங்க, இருட்டுலயே, பாக்க ஒண்ணுமே இல்லாதப்போ. பார்வை ஏரியா இருட்டுல சும்மா இல்ல, அது என்ன பண்ணுதுங்கறதுல ஒரு பெரிய பங்க எலி மூஞ்சியோட வீடியோவ வச்சே கணிக்க முடிஞ்சுது. பாக்குறதுக்குன்னு இருக்கற எடத்துல மீசை என்ன பண்ணுதுன்னு எழுதி இருக்கு.

இன்னும் பின்னாடி போனா 1996. அந்த ஜோடி லென்ஸ் கிரின்வால்டோட லேப்லேயே, இஸ்ரேல்ல வைஸ்மான் நிலையத்துல, ஆமோஸ் அரியேலி பூனைல பாத்து எழுதியிருக்காரு, ஒரே படத்த திரும்பத் திரும்ப காட்டும்போது பதில் மாறி மாறி வர்றதுக்கு காரணம் படத்துக்கு முன்னாடியே மூளைல ஓடிட்டு இருக்கற அலைன்னு, அந்த அலைய கணக்குல சேத்தா ஒவ்வொரு ட்ரையலையும் கணிக்கலாம்னு. ஆனா அது மயக்கத்துல இருந்த பூனை. அதுக்கு மூஞ்சில எழுதிக் காட்ட வழியில்ல. அப்ப எலி முழிச்சிருந்ததாலதான் அந்த அலைக்கு ஒரு முகமே கெடச்சுதுன்னு எனக்குப் படுது.

நான் என் டேட்டாவுக்கு திரும்பி வந்து, மூஞ்சி வீடியோவ சுருக்கி, அத வச்சு குப்பைய கணிக்கிற மாதிரி ஒரு சாதா ரிக்ரஷன் போட்டேன். ஒரு வாரம் ஆச்சு. என் ஸ்க்ரீன்ல கோடு, குழாய், சொட்டு எல்லாம் சேந்து விளக்குனத விட அந்த மூக்கு நுனி விளக்குனது அதிகம். ரெண்டு வருஷமா நான் எலிகிட்ட கேட்ட கேள்விக்கு மட்டும் காது குடுத்துட்டு, அது பேசுன பேச்சு பூராவையும் குப்பைல போட்டிருக்கேன்.

இப்ப இன்னொரு பக்கமும் சொல்லணும், இல்லன்னா எல்லாமே அசைவுதான்னு கெளம்பிடுவாங்க, கான்ஃபரன்ஸ்ல பாக்குறேன், யாராவது ஏதாவது ரிசல்ட் காட்டுனா மொத ஆளா கைய தூக்கி "மூஞ்சி வீடியோ எடுத்தீங்களா?"ன்னு கேக்கறதுக்குன்னே நாலு பேர் வர்றாங்க (நானும் ஒரு தடவ கேட்டேன், ஒத்துக்கறேன்). 2023-ல ஹெண்ட்ரிக்யே நீன்போர்க் குழு குரங்குல பாத்தாங்க, குரங்கோட பார்வை ஏரியால இந்த அசைவு சிக்னல் ரொம்ப கம்மி, கண்ணு நகர்றதால விழித்திரைல படம் மாறுறத கழிச்சுட்டா மிச்சம் பெருசா ஒண்ணும் இல்ல. அப்ப எலிக்கு மட்டும் ஏன் இப்டி? எலி மீசையால உலகத்த தடவிப் பாக்குற பிராணி, அதுக்கு பாக்குறதும் நகர்றதும் ஒரே வேலையா இருக்கலாம், குரங்கு உக்காந்து பாக்குற ஜாதி. இது என் யூகம்தான். மூஞ்சி ஆடுறதால மூளை மின்னுதா, இல்ல உள்ள ஏதோ மாறுறதால ரெண்டும் சேந்து ஆடுதாங்கறதும் என் ரிக்ரஷனுக்கு தெரியாது, அது கூடவே வர்றத காட்டும், யார் யார கூட்டிட்டு வந்தாங்கன்னு காட்டாது.

அதோட, மொத்த மூளை மொத்த மூளைன்னு நாங்க பீத்திக்கறதுலயும் கொஞ்சம் காத்து இருக்கு. நான் பாக்குறது மூளையோட மேல்பரப்பு மட்டும்தான், அதுலயும் மேல் அடுக்குகள். சுண்டெலி மூளைல சுமார் 7 கோடி நரம்பு செல் இருக்கு, அதுல பெரும்பகுதி சிறுமூளைல பின்னாடி ஒளிஞ்சிருக்கு, கீழ தாலமஸ், அதுக்கும் கீழ மூளைத்தண்டு, எதுவும் என் கேமராவுக்கு தெரியாது. 2025-ல பன்னெண்டு லேப் சேந்து 139 எலில ஊசி மாதிரி மெல்லிசான நியூரோபிக்ஸல்ஸ்ங்கற மின்பதிவு ப்ரோப சொருகி 279 பகுதில 6 லட்சத்துக்கு மேல செல்ல பதிவு பண்ணி ஒரு வரைபடம் போட்டாங்க, அதுலயும் ஒரே எலியோட மொத்த மூளை ஒரே நேரத்துல இல்ல, பல எலிலேர்ந்து தச்ச போர்வை அது.

நெசமா மொத்த மூளையும் ஒரே நேரத்துல பாக்கணும்னா மீன் கிட்ட போகணும். ஸீப்ராஃபிஷ்னு கலர் மீன் கடைல விக்கிற கோடு போட்ட சின்ன மீன். நம்ம கங்கைச் சமவெளில வயலு வாய்க்கால்ல திரியற மீன் அது, 1822-ல ஃப்ரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்கள பத்தி எழுதுன புத்தகத்துலதான் அதுக்கு மொத பேரு வந்துச்சு. பொறந்து ஒரு வாரம் ஆன குஞ்சு நாலு மில்லிமீட்டர், கண்ணாடி மாதிரி இருக்கும், மூளைல மொத்தமே ஒரு லட்சம் நரம்பு செல்லுதான். 2013-ல ஜனேலியால மிஷா ஆரன்ஸும் ஃபிலிப் கெல்லரும் மெல்லிசான வெளிச்சத் தகட அது மூளைக்குள்ள மேலயும் கீழயும் ஓட்டி, 80 சதவீதத்துக்கு மேல செல்ல 1.3 செகண்டுக்கு ஒரு தடவ படமெடுத்தாங்க. அதே ஆரன்ஸ் லேப்ல 2019-ல இன்னொண்ணு பண்ணாங்க. மீன் நீந்தற மாதிரி ஒரு பொய் உலகம், வாலசைக்க முயற்சி பண்ணா சுத்தி இருக்கற காட்சி நகரும். திடீர்னு அந்தத் தொடர்ப வெட்டிடுவாங்க, மீன் எவ்வளவு முயற்சி பண்ணாலும் எடம் நகராது. மீன் இன்னும் பலமா அடிக்கும், இன்னும் பலமா, அப்பறம் ஒரு கட்டத்துல விட்டுடும், சும்மா கெடக்கும், கொஞ்ச நேரம் கழிச்சு திரும்ப முயற்சி பண்ணும். விட்டுடுன்னு முடிவு பண்ண எடம் எதுன்னு பாத்தா அது நரம்பு செல்லே இல்ல, க்ளியா. நரம்புக்கு சோறு போட்டு வீடு பெருக்குறதுக்குத்தான் இருக்குன்னு பல காலமா நாம ஒதுக்கி வச்சிருந்த செல்லு. ஒவ்வொரு தோல்வியையும் கால்சியமா எண்ணி சேத்து வச்சுகிட்டு, ஒரு அளவு தாண்டுனா போதும்னு சொல்லுது. அந்த செல்லோட வேலைய கெடுத்துட்டா மீன் விடாம அடிச்சுட்டே இருக்கு. க்ளியாவயும் குப்பைன்னுதானே வச்சிருந்தோம்னு அத படிக்கும்போது என் வேரியபிள் ஞாபகம்தான் வந்துச்சு.

மினசோட்டால சுஹாச கோடண்டராமையா லேப்ல 2021-ல 3.8 கிராம் எடைக்கு ஒரு குட்டி கேமராவ எலி தலைலயே மாட்டி தலைய பிடிக்காம ஓட விட்டு பாத்தாங்க. எனக்கு அதுமேல ஒரு கண்ணு இருக்கு. தலைய பிடிச்சு வச்சுட்டு இயல்பா நடக்குதுன்னு சொல்றோமே, என்னதான் மில்க்மெய்ட் குடுத்தாலும். அம்மா கேட்டா என்ன பதில் சொல்வேன்னு தெரியல, அவங்க இன்னும் அந்த பட்டைய பத்தி கேக்கல, நானும் போட்டோ அனுப்பல.

அந்தப் பொண்ணுக்கு கடைசில உண்மைய சொன்னேன், குப்பைன்னா வேஸ்ட்டுன்னு. அவ ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு "அப்ப பேர மாத்தணும்ல?"ன்னா. மாத்தலாம்னு உக்காந்தேன், தேடுனா பதினோரு ஃபைல்ல நூத்தி நாப்பது எடத்துல இருக்கு, ஒண்ண மாத்துனா ஒம்பது ஒடையும். விட்டுட்டேன். நாளைக்கு காலைல எட்டு மணிக்கு ஏழாம் நம்பரோட செஷன், இந்த தடவ மூஞ்சிக்கு மூணு கேமரா, கால் பக்கம் ஒண்ணு. அதுல ரெண்டுக்கு ஒயரு இன்னும் வந்து சேரல.